ஆளில்லாத் தீவு எண்டு ஆர் சொன்னது?

அந்த வீடியோ வெறும் இருபத்தெட்டு விநாடிதான். பச்சைக் கண்டல் மரங்கள், அதுக்கு மேல திடீரெண்டு நூற்றுக்கணக்கான கொக்குகளும் நீர்க்காகங்களும் கிளம்பி வானத்தை மூடுது, பின்னால எங்களில் ஒருத்தி "ஐயோ பாருங்கடி" எண்டு கத்துற சத்தம். எங்கள் ஆறு பேரின் பக்கங்களிலும் இதுவரை போட்ட எதுவும் இந்த அளவுக்குப் பகிரப்படவில்லை. இரண்டாம் நாள் அதைத் தூக்கிவிட்டோம். ஏன் தூக்கினீங்கள், எந்தத் தீவு, எப்பிடிப் போறது எண்டு கேட்ட எல்லாருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துப்போனதால் இதை எழுதுகிறோம். தீவின் பெயரை மட்டும் இதிலும் எழுதப் போவதில்லை. ஏன் எண்டு வாசிக்க விளங்கும்.

மாசி மாதம். செமஸ்டர் பரீட்சை முடிந்த முதல் சனிக்கிழமை. மட்டக்களப்பு வாவியில் கயாக் வாடகைக்குக் கொடுக்கிற ஓரிடத்தின் விளம்பரம் எங்கள் குழுவில் சுற்றிக்கொண்டிருந்தது. "ஆளில்லாத் தீவைச் சுற்றிக் கயாக், பறவை பார்த்தல், ஒரு நாள்." ஒரு கிழமைக் கன்டீன் காசை மிச்சம் பிடித்தால் போகலாம் என்கிற விலை. இரண்டு பேர் இருக்கிற கயாக் மூன்று. நான்கு பெண்கள், இரண்டு பையன்கள். ஒருத்தி ஹட்டன்காரி, வாழ்க்கையில் தேயிலைத் தோட்டத்து ஓடைக்கு மேல் தண்ணீரில் இறங்காதவள். ஒருத்தன் மன்னார். மிச்சப் பேர் இந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். ஆனால் தண்ணீருக்கு மேல் போவது எங்களில் ஐந்து பேருக்கு அதுதான் முதல்தரம்.

இதைச் சொல்ல எங்களுக்கு வெட்கம்தான். பேச்சில் இங்கே ஆரும் வாவி எண்டு சொல்றதில்லை, ஆறுதான். ஆத்துமீன், ஆத்தங்கரை, ஆத்துக்கு அங்கால. 56 கிலோமீற்றர் நீளம். பாலமீன்மடு முகத்துவாரத்திலும் தெற்கே கல்லாற்றுப் பக்கமும் கடலோடு சேருகிறது. சூரியன் எழுகிற பக்கம் எழுவான்கரை, மறைகிற பக்கம் படுவான்கரை. எங்களுடைய திசையே இந்தத் தண்ணீரை வைத்துத்தான். 1924 இல் கட்டின கல்லடிப் பாலத்தில் நிண்டு செல்பி எடுத்திருக்கிறோம், பாடும் மீன் பற்றிப் பாடசாலையில் கட்டுரை எழுதிப் பரிசும் வாங்கியிருக்கிறோம். அந்தப் பாலத்துக்குக் கீழே ஒருநாளும் போனதில்லை.

ஏன் போகவில்லை எண்டால், அம்மாமார். "ஆத்துக்குள்ள இறங்காத" எண்டுறது எங்கட வீடுகளில் சோறு சாப்பிடு எண்டுற மாதிரி ஒரு வசனம். அதுக்குள்ளே முதலை இருக்கு. சுனாமி இருக்கு. அதுக்கும் முந்தி, படுவான்கரை ஒரு கட்டுப்பாட்டிலும் எழுவான்கரை இன்னொரு கட்டுப்பாட்டிலும் இருந்து, நடுவில் இந்த ஆறு எல்லையாகக் கிடந்த வருடங்கள் இருக்கு. 2007 வரைக்கும் அதுதான் நிலைமை. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை அவ்விடத்தில் பாதையில் ஏறித்தான் அக்கரைக்குப் போக வேணும். (வேறு மாவட்டத்து நண்பர்களுக்கு: பாதை எண்டால் ரோட்டு இல்லை, ஆக்களையும் சைக்கிளையும் ஏற்றிப் போகிற மிதவை.) ஒரு தலைமுறைக்கு ஆறு எண்டால் பயம். அந்தப் பயத்தை நாங்கள் பகிடி பண்ண மாட்டோம். ஆனால் பையன்களை விட்டுவிட்டுப் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் அந்தப் பயத்தைச் சட்டமாக்கி வைத்திருப்பதைப் பற்றி ஒருநாள் தனியாக எழுத வேணும். நாங்கள் நால்வரும் வீட்டில் சொன்ன காரணம்: நூலகம்.

சரி, விடிய ஐந்தரைக்குக் கரையில் நிண்டோம். வாடகைக்குக் கொடுக்கிற இடத்தில் லைஃப் ஜாக்கெட்டை எப்பிடிக் கட்டுறது, துடுப்பை எப்பிடிப் பிடிக்கிறது, கவிழ்ந்தால் என்ன செய்யிறது எண்டு கால் மணித்தியாலம் பொறுமையாகச் சொல்லித் தந்தார்கள். நல்லாகவே சொல்லித் தந்தார்கள். பறவைகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. "தீவில இறங்கிச் சாப்பிடலாம், படம் எடுக்க வடிவான இடம்" எண்டதோடு சரி.

காலைத் தண்ணீர் எண்ணெய் மாதிரிக் கிடந்தது. கயாக்கில் இருந்தால் கண் மட்டம் தண்ணீரிலிருந்து மூண்டடிதான். பஸ் யன்னலில் இருந்து பார்க்கிற ஆறு இல்லை அது. வலைக் கம்பு ஒவ்வொண்டிலும் ஒரு பறவை இருக்கு. செம்பருந்து எங்கட தலைக்கு மேலே இரண்டு தரம் வட்டமிட்டுப் போனது. மீன்கொத்தி தண்ணீரில் விழுந்து எழும்பின சத்தத்தைக் கூடக் கேட்கக்கூடியதாக இருந்தது. ஹட்டன்காரி முதல் பத்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டாள். பிறகு எல்லாரையும் விட வேகமாக வலித்தாள்.

எங்களிடம் இருந்த அறிவைப் பற்றியும் சொல்ல வேணும். கைப்பேசிச் செயலி ஒண்டு ஆங்கிலத்தில் பெயர் சொன்னது. எங்களில் இரண்டு பேர் தமிழ் சிறப்புக்கற்கை. நாரையைத் தூது விட்ட கதையெல்லாம் பரீட்சைக்கு எழுதிவிட்டு வந்திருக்கிறோம். நேரில் நிண்டதைப் பார்த்து "அது நாரையா கொக்கா" எண்டு ஒருத்தரை ஒருத்தர் கேட்டோம். நத்தைகுத்தி நாரையை மட்டும் மன்னார்காரன் கண்டுபிடித்தான், மேலலகுக்கும் கீழலகுக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறதை வைத்து. வங்காலைக்காரன், பறவை பார்க்கத் தெரியாட்டி ஊருக்கு வெட்கம் எண்டான். வங்காலைச் சரணாலயம் 2010 இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த ஈரநிலம். நாட்டில் அப்படி ஆறு இடங்கள் இருக்கு, மட்டக்களப்பு வாவி அதில் இல்லை.

தீவை நெருங்கினோம். கண்டல் மரங்களின் உச்சியெல்லாம் வெள்ளையும் கறுப்பும். கயாக்குக்குச் சத்தமில்லை, அதனால் பறவைகளுக்கு இடைஞ்சலும் இல்லை எண்டுதான் நாங்கள் நினைத்திருந்தோம், விளம்பரத்திலும் அப்படித்தான் கிடந்தது. நடந்தது வேறு. மோட்டர் வள்ளம் வந்தால் தூரத்திலேயே அவைக்குத் தெரியும். நாங்கள் மரத்தடி வரைக்கும் ஓசையில்லாமல் வந்து, கண்டலை ஒட்டி இருந்த சின்ன மணல் திட்டில் மூண்டு கயாக்கையும் இழுத்து ஏத்தினோம். பிளாஸ்டிக் மணலில் உராய்ந்த அந்தச் சத்தத்துக்கு முழு மரமும் எழும்பியது.

எங்களுக்கு முதலில் வந்தது சந்தோசம். அதை மறைக்க மாட்டோம். ஆறு போனும் மேலே போனது. வீடியோ அப்போது எடுத்ததுதான்.

தலைக்கு மேலே சத்தம் அடங்கவே இல்லை. கொஞ்ச நேரத்தில் சாதாரணக் காகங்கள் வந்தன. எங்கிருந்து வந்தன எண்டு தெரியாது. பத்துப் பன்னிரண்டு இருக்கும். அவை எங்களைப் பார்த்து வரவில்லை, நேராக மரத்துக்குள்ளே போயின. அந்த நேரம் பார்த்து ஒரு தோணியில் வயதான ஒருவர் கம்பை ஊண்டி ஊண்டி வந்துகொண்டே கத்தினார்.

"என்ன புள்ளயள்! இறங்குங்க, கெதியா இறங்குங்க அதால!"

முதலை எண்டு நினைத்து ஒருத்தி அழுதேவிட்டாள். அவர் கிட்ட வந்து சொன்னார்: "குஞ்சு கிடக்கிற நேரம் மகள். நீங்க ஏறினா காகத்துக்குத்தான் சாப்பாடு."

திரும்பிப் பார்த்தோம். ஒரு காகத்தின் வாயில் வெளிர் நீலப் பச்சையில் ஒரு முட்டை. கொக்கு முட்டை அந்த நிறம் எண்டு அண்டைக்குத்தான் தெரியும். மரத்தடிச் சேற்றில் இறகு முளைக்காத ஒரு குஞ்சு விழுந்து கிடந்தது. பயந்தால் குஞ்சுகள் கூட்டை விட்டு ஏறிக் கிளைக்கு வந்து தவறிவிடும், கீழே கபரக்கொய்யா காத்துக்கொண்டிருக்கும் எண்டு மாமா சொன்னார். எடுத்துக் கூட்டில் வைக்கலாமா எண்டு கேட்டோம். "எந்தக் கூட்டில மகன்?" எண்டார். அண்ணாந்து பார்த்தால் ஒரே மரத்தில் இருபது முப்பது கூடு. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நாங்கள் நிக்கிற ஒவ்வொரு நிமிடமும் மேலே முட்டைகள் நிழலில்லாமல் வெந்துகொண்டிருக்குது எண்டது அப்போதுதான் உறைத்தது. சாப்பாட்டுப் பையைக்கூடத் திறக்காமல் கயாக்கைத் தள்ளினோம்.

தீவிலிருந்து நூறு நூற்றைம்பது மீற்றர் தள்ளி, வலைக் கம்புகளைப் பிடித்துக்கொண்டு மிதந்தோம். மாமாவும் எங்களோடு நிண்டார், நாங்கள் திரும்பப் போய்விடுவோம் எண்ட சந்தேகமாகவும் இருக்கலாம். கடைசிப் பறவை வந்து அமர முப்பத்தைந்து நிமிடம் எடுத்தது.

அதுக்குப் பிறகு பார்த்ததுதான் பறவை பார்த்தல். ஒரு அண்ணாவிடம் இரவல் வாங்கின தொலைநோக்கி ஒண்டுதான் இருந்தது, ஆளுக்கு ஐந்து நிமிடம். ஒரு கொக்கு சுள்ளி கொண்டுவந்து மற்றதிடம் குடுக்க, அது வாங்கிக் கூட்டில் செருகினது. வெயில் பக்கம் முதுகைக் காட்டிச் செட்டையை விரித்து, குஞ்சுகளுக்குக் குடை பிடித்தபடி அசையாமல் நிண்டது ஒரு நாரை. நீர்க்காகங்கள் செட்டை விரித்து நிண்டது வேறு காரணத்துக்கு: அவற்றின் இறகு தண்ணீரில் நனையும், காயவைத்தால்தான் நல்லாய்ப் பறக்கலாம். கூழைக்கடாக்கள் பதினாலு வரிசை கட்டி மீனை வளைத்துக்கொண்டு வந்தன, எங்கட ஆக்கள் வலை வளைக்கிற மாதிரியே. மேலே ஆலாக்கள். அவை பங்குனி, சித்திரையோடு வடக்கே திரும்பிவிடும். மத்திய ஆசியப் பறப்புப் பாதையில் இலங்கை கடைசித் தரிப்பிடம், இதுக்குத் தெற்கே இறங்க நிலமில்லை.

மாமா ஒவ்வொண்டுக்கும் பெயர் சொன்னார். கூழைக்கடா, நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா. செயலியில் நாங்கள் தேடி எடுக்கிறதுக்குள்ளே அவர் அடுத்ததுக்குப் போய்விட்டார். வக்கா இரவில்தான் மீன் பிடிக்கும், அதால பகலில் அதுட நித்திரையைக் குழப்பினால் இரவில் அதுக்கு வேட்டை சரிவராது எண்டார். பறவைகள் எந்தப் பக்கம் இறங்குதோ அந்தப் பக்கம்தான் அவரும் வலை போடுவாராம். "எங்களுக்கு அதுகள்தான் மீன் காட்டித் தாற. பங்குனி முடியுமட்டும் இந்தப் பக்கம் நாங்க ஏறுறல்ல. காத்தடிச்சா மற்றப் பக்கம் ஒதுங்குவம்." எழுதிவைத்த சட்டம் ஒண்டும் இல்லை. அவருடைய அப்பா காலத்திலிருந்து அப்படித்தானாம்.

இங்கேதான் எங்கட சண்டை அந்த விளம்பரச் சொல்லோடு. ஆளில்லாத் தீவு.

தீவில் இறங்கி நிண்ட அந்தக் கொஞ்ச நேரத்தில் நாங்கள் கண்டவை: எருமைக் குளம்படி, புதுச் சாணம். வலை காயப்போட நட்ட இரண்டு தடி. பூவரச மரத்தடியில் ஒரு கல், அதில் காய்ந்த மாலை. இதெல்லாம் ஆள் இருக்கிறதுக்கான அடையாளம் இல்லையா? இரவில் படுத்துறங்க வீடு இல்லை எண்டதுக்காக அது ஆருக்கும் உரியதில்லாத இடமாகிவிடுமா? (சாராயப் போத்தலும் லஞ்ச் சீற்றும் கிடந்தன. அவை எங்களைப் போல வந்தவர்கள் விட்டவை.) இந்தச் சொல்லை நாங்கள் சும்மா விடக்கூடாது எண்டு நினைக்கிறோம். இந்த நாட்டில் "ஆருமில்லாத காணி" எண்டு ஒரு இடத்துக்குப் பெயர் வைத்த பிறகு அதுக்கு என்ன நடக்கும் எண்டு எங்கட வயதுப் பிள்ளைகளுக்கும் தெரியும். முதலில் படம் எடுக்கிற இடமாகும். பிறகு இறங்குதுறை, பிறகு மரக் குடில், பிறகு "மீனவர் உள்ளே வரக்கூடாது" எண்டு ஒரு பலகை. அப்படி நடந்துவிட்டது எண்டு சொல்லவில்லை. நடக்கிறதுக்கான சொல் விளம்பரத்தில் வந்துவிட்டது எண்டுதான் சொல்கிறோம்.

தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937 இலிருந்து இருக்கு. பெரும்பாலான பறவைகளுக்கும் அவற்றின் முட்டைகளுக்கும் அதில் பாதுகாப்பு உண்டு. ஆனால் கூட்டில் கை வைக்கிறவனைத்தான் சட்டம் நினைத்துப் பார்க்கிற மாதிரி எங்களுக்குப் படுகுது. நாங்கள் ஒரு முட்டையையும் தொடவில்லை. ரசிக்கப் போன ஆறு பேர், நல்ல பிள்ளைகள், குப்பையைக்கூடப் பையில் கொண்டுவந்தவர்கள். எத்தனை முட்டை போனது எண்டு எங்களுக்குத் தெரியாது. கண்ணால் கண்டது ஒண்டு.

கரைக்கு வந்து, ஆறிப்போன புட்டையும் சம்பலையும் சாப்பிட்டபடி எங்களுக்குள்ளேயே சண்டை பிடித்தோம். ஒருத்தி கேட்டாள்: "அப்ப நாங்க போகவே கூடாதா? வெள்ளைக்காரர் வந்தா மட்டும் ஆறு திறக்குமா? நாலு பொம்புளப் பிள்ளைகள் முதல்தரம் இந்தத் தண்ணியில இறங்கியிருக்கம், அதையும் பிழை எண்டுறீங்களா?" நியாயமான கேள்வி. அதுக்கு ஒருத்தரும் உடனே பதில் சொல்லவில்லை. போகாமல் விட்டால் எங்களுக்கு அந்த இடமே தெரியாது, நாளைக்கு அதை மண் போட்டு மூடினாலும் கண்டல் வெட்டினாலும் கேட்க ஆளிருக்காது. மன்னார்காரன் அதுக்கு நேரெதிர். கூடு கட்டுற காலத்தில் ஆருமே அந்தப் பக்கம் போகக்கூடாது, மீனவரும் சேர்த்துத்தான் எண்டான். மீனவரைச் சேர்த்ததில் மற்ற ஐந்து பேருக்கும் உடன்பாடில்லை. அவர்கள் அங்கே வேலைக்குப் போகிறவர்கள், எங்களுக்கு முந்தியே தங்களுக்குள் ஒரு ஒழுங்கை வைத்திருக்கிறவர்கள். அவர்களைக் கேட்காமல் போடுகிற எந்த விதியும் ஒரு கிழமைக்கு மேல் நிக்காது.

கடைசியில் நாங்கள் ஒத்துக்கொண்டது இவ்வளவுதான். போக வேணும், குறிப்பாக இந்தக் கரைப் பிள்ளைகள் போக வேணும், பெண்பிள்ளைகள் கட்டாயம் போக வேணும், வீட்டில் உண்மையைச் சொல்லிவிட்டுப் போகக்கூடிய நிலைமை வர வேணும். ஆனால் மார்கழியிலிருந்து சித்திரை வரைக்கும் தீவில் இறங்கக்கூடாது, மரங்களிலிருந்து நூறு மீற்றராவது தள்ளி நிக்க வேணும். பறவை தலையைத் தூக்கிப் பார்த்தால் அது போதும், பின்னுக்கு வலிக்க வேணும். லைஃப் ஜாக்கெட்டுக்குக் கால் மணித்தியாலம் செலவழிக்கிறவர்கள் இதுக்கு ஐந்து நிமிடம் செலவழிக்கலாம், தமிழில். தோணிக்காரர் ஒருவரைக் கூலி குடுத்துக் கூட்டிப்போனால் இன்னும் நல்லம். அண்டைக்கு எங்களுக்குக் கிடைத்த ஒரே வழிகாட்டி காசு வாங்காதவர். வற்புறுத்திக் குடுத்தும் வாங்கவில்லை, புட்டில் பங்கு மட்டும் எடுத்தார்.

வீடியோவைத் தூக்கின கதை இதுதான். அது பறவைகள் பறக்கிற வீடியோ இல்லை, பறவைகளை நாங்கள் துரத்தின வீடியோ. எந்தத் தீவு எண்டு கேட்ட நூற்றுச் சொச்சப் பேருக்கும் வழி சொல்லியிருந்தால், மாசி முடியிறதுக்குள்ளே அந்த மணல் திட்டில் நூறு கயாக் உராய்ந்திருக்கும்.

போன கிழமை, மேலே உள்ள நாலு வரியைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கயாக் குடுக்கிற இடத்துக்குக் கொண்டுபோனோம். உரிமையாளர் வாசித்தார். கோபப்படவில்லை. தீவில் இறங்க ஏலாது எண்டால் சனம் வருமா எண்டு கேட்டார். சாப்பிட இறங்குறதுக்கு வேறு கரை ஒண்டைக் காட்டினோம், வரைபடத்தில் நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தாளை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு, "யோசிச்சுச் சொல்றன் தங்கச்சி" எண்டார். வருகிற சனிக்கிழமை திரும்பப் போகிறோம். இந்தமுறை ஹட்டன்காரியின் அம்மாவுக்கும் தெரியும்.